அமெரிக்காவில் முதியோர் வீட்டுப் பராமரிப்பு: மாஸ்டர் ஃபிரான்சைஸ் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: அமெரிக்காவில் முதியவர்களை அவர்கள் வீட்டிலேயே கவனித்துக்கொள்ளும் சேவை நடத்தும் பிராண்டுகள் மாஸ்டர் ஃபிரான்சைஸ் தருகின்றன. அதை எப்படி வாங்குவது, எவ்வளவு பணம் வேண்டும், லாபம் எங்கிருந்து வருகிறது?

லாபத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் தடுமாறுவது அங்கேதான். ஒரு பகுதி முழுவதற்கும் பிராண்டின் உரிமையை வாங்கி (அதுதான் மாஸ்டர் ஃபிரான்சைஸ்), அதைத் துண்டு துண்டாக மற்றவர்களுக்கு விற்றால் பணம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். இந்தத் தொழிலில் அந்தப் பணம் ஒரு தடவை வந்து செலவாகிவிடும். நிலைத்த வருமானம் என்பது, உங்களுக்குக் கீழே உள்ள யூனிட்டுகள் (அந்த பிராண்டின் பெயரில் இயங்கும் தனித்தனிக் கிளைகள்) வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒரு முதியவர் வீட்டில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தது. ஆகவே ஒரு யூனிட்டின் ஒரு மணி நேரக் கணக்கு புரியாதவர் மாஸ்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

இங்கே பேசுவது மருத்துவம் சாராத பராமரிப்பு: குளிக்க, உடுத்த உதவுவது, சமைப்பது, மாத்திரை நேரத்தை நினைவூட்டுவது, டாக்டரிடம் அழைத்துப் போவது, மறதி நோய் உள்ளவருக்கு இரவில் துணை இருப்பது. நர்ஸ் வந்து ஊசி போடுவதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் வேறு தொழில், வேறு உரிமம். 1994இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில் பால் ஹோகன், லோரி ஹோகன் தம்பதியர் தொடங்கிய ஹோம் இன்ஸ்டெட் இந்தத் துறையின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. ரைட் அட் ஹோம், கம்ஃபர்ட் கீப்பர்ஸ், விசிட்டிங் ஏஞ்சல்ஸ், சீனியர் ஹெல்ப்பர்ஸ் ஆகியவையும் இதே வகை. இந்த நீண்டகால அன்றாட உதவிக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் தராது. பெரும்பாலும் குடும்பத்தார் கைப்பணம்தான். மீதி நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு, முன்னாள் படைவீரர் துறையின் உதவி, குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவ உதவியான மெடிகெய்டில், வீட்டுப் பராமரிப்புக்குப் பணம் தரும் மாநில விலக்குத் திட்டங்கள். 1946க்கும் 1964க்கும் இடையே பிறந்த பெருந்தலைமுறையின் மூத்தவர்கள் 2026இல் 80 வயதைத் தொடுகிறார்கள். ஆள் உதவி அதிகம் தேவைப்படத் தொடங்கும் வயது அது. ஆகவே தேவை குறையப்போவதில்லை. பற்றாக்குறை பராமரிப்பாளர்களுக்குத்தான்.

அடுத்து, உங்கள் முன்னால் வைக்கப்படும் ஒப்பந்தம் எந்த வகை என்று பாருங்கள். "மாஸ்டர்" என்ற பெயரில் மூன்று வெவ்வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன. முதலாவது, பகுதி மேம்பாட்டாளர்: குறிப்பிட்ட எண்ணிக்கையில் யூனிட்டுகளை நீங்களே திறப்பதாக ஒப்புக்கொள்கிறீர்கள், யாருக்கும் விற்க முடியாது. இரண்டாவது, பகுதிப் பிரதிநிதி: ஆட்களைத் தேடித் தருகிறீர்கள், பயிற்சியும் ஆதரவும் தருகிறீர்கள், ஆனால் அவர்கள் ஒப்பந்தம் போடுவது தலைமை நிறுவனத்துடன். அவர்கள் சேரும்போது கட்டும் கட்டணத்திலும், பிறகு விற்பனையில் தொடர்ந்து கொடுக்கும் சதவீதமான ராயல்டியிலும் உங்களுக்கு ஒரு பங்கு வரும். மூன்றாவதுதான் உண்மையான மாஸ்டர்: யூனிட்டுகள் உங்களுடனேயே ஒப்பந்தம் போடுகின்றன, ராயல்டியை நீங்கள் வசூலித்து, தலைமைக்குச் சேர வேண்டியதை அனுப்புகிறீர்கள். இந்த மூன்றாம் வகை பெரும்பாலும் வெளிநாட்டு விரிவாக்கத்துக்குப் பயன்படுகிறது. ஜப்பானில் ஹோம் இன்ஸ்டெட் பெயரில் டஸ்கின் நிறுவனம் நடத்தியது எல்லோரும் சுட்டும் உதாரணம். அமெரிக்காவுக்குள் "மாஸ்டர்" என்று விளம்பரம் செய்யப்படுவதில் பெரும்பகுதி இரண்டாம் வகை. அதில் தவறில்லை, பொறுப்பும் குறைவு. ஆனால் தலைமை நிறுவனம் உங்கள் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால், நீங்கள் கொண்டுவந்த யூனிட்டுகள் அவர்களிடமே நிற்கும், உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. விலை பேசும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் பேசுங்கள்.

சட்டப்படி உங்களுக்கு முதலில் கிடைக்க வேண்டியது எஃப்.டி.டி. எனப்படும் வெளிப்படுத்தல் ஆவணம். கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் ஃபிரான்சைஸ் விதிப்படி அதில் 23 பிரிவுகள் இருக்கும். கையெழுத்துக்கோ பணம் கட்டுவதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன் அது உங்கள் கையில் இருக்க வேண்டும். மாஸ்டர் ஒப்பந்தத்துக்கு ஒன்று, யூனிட் ஒப்பந்தத்துக்கு ஒன்று என இரண்டையும் கேட்டு வாங்குங்கள். யூனிட் ஆவணம்தான் முக்கியம், ஏனென்றால் நாளை நீங்கள் விற்கப்போவது அதைத்தான். எல்லாப் பிரிவையும் ஒரே கவனத்துடன் படிக்க வேண்டியதில்லை. 20ஆம் பிரிவில் ஆண்டுவாரியாக எத்தனை யூனிட்டுகள் திறந்தன, மூடின, கைமாறின என்று அட்டவணை இருக்கும். கூடவே விலகிப்போனவர்களின் தொடர்பு விவரமும் இருக்கும். அவர்களில் பத்துப் பேரையாவது அழைத்துப் பேசுங்கள்; இப்போது நடத்துகிறவர்களைவிட விலகியவர்கள் அதிகம் சொல்வார்கள். 19ஆம் பிரிவில் வருமான விவரம் தந்திருந்தால், அந்தச் சராசரி எத்தனை ஆண்டு பழைய யூனிட்டுகளுடையது என்று பாருங்கள். பதினைந்து ஆண்டு ஓடிய யூனிட்டின் விற்பனையை வைத்துப் புதியவருக்குக் கணக்குப் போட முடியாது. 3ஆம் பிரிவு வழக்குகள், 12 எல்லை, 17 முடிவும் புதுப்பித்தலும், 21 நிதிநிலை அறிக்கை. மீதியை வழக்கறிஞர் பார்க்கட்டும். ஃபிரான்சைஸ் சட்டம் மட்டுமே பார்க்கும் வழக்கறிஞரை வையுங்கள். வீடு வாங்க உதவியவர் இதற்குப் போதாது.

இனி அந்த ஒரு மணி நேரக் கணக்கு. கீழே வருவது மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர்க் கூலியைப் போட்டு மறுபடி செய்து பாருங்கள். வாடிக்கையாளரிடம் மணிக்கு 35 டாலர் வாங்குகிறோம். பராமரிப்பாளருக்கு 19 டாலர். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர், வேலையின்மை வரி, தொழிலாளர் விபத்துக் காப்பீடு எல்லாம் சேர்த்துக் கூலியில் 14 சதவீதம், அதாவது 2.66. பயிற்சி, நோய் விடுப்பு, பின்னணிச் சோதனைக்கு 60 சென்ட். மொத்தம் 22.26 போக, 12.74 மிச்சம், இது 36 சதவீத மொத்த லாபம். இதிலிருந்து ராயல்டி 5 சதவீதம் 1.75, விளம்பர நிதி 2 சதவீதம் 70 சென்ட். கையில் 10.29. அலுவலக வாடகை, ஷெட்யூல் போடுபவர், ஆளெடுப்பவர், மென்பொருள், உரிமையாளர் சம்பளம் எல்லாம் இந்தப் பத்து டாலருக்குள்.

இப்போது அதே பராமரிப்பாளர் அந்த வாரம் 40 மணி நேரத்தைத் தாண்டிவிட்டார் என்று வையுங்கள். கூலி ஒன்றரை மடங்கு, 28.50. அதன் மேல் 14 சதவீதம் 3.99, இதர 60 சென்ட், ராயல்டியும் விளம்பரமும் 2.45. கூட்டினால் 35.54. வாங்கியது 35. ஒவ்வொரு ஓவர்டைம் மணிக்கும் 54 சென்ட் நஷ்டம், அலுவலகச் செலவைச் சேர்க்காமலே. ராயல்டி விற்பனை மீது கணக்கிடப்படுவதால், யூனிட் நஷ்டத்தில் ஓடினாலும் மாஸ்டருக்குப் பங்கு வந்துகொண்டிருக்கும். அதனால்தான் மோசமான மாஸ்டர்கள் ஓவர்டைமைக் கண்டுகொள்வதில்லை. இரண்டு ஆண்டில் அந்த யூனிட் மூடும்போது இருவரும் இழக்கிறார்கள்.

மாஸ்டரின் கணக்கு இதற்கு மேல் அடுக்கு. நன்றாக ஓடும் யூனிட் ஆண்டுக்கு 12 லட்சம் டாலர் விற்கிறது என்போம். அது வாரத்துக்கு ஏறக்குறைய 660 மணி நேரம். ஆளுக்கு 20 மணி என்றால் 33 வாடிக்கையாளர். ராயல்டி 60,000, அதில் பாதி உங்களுக்கு 30,000. இப்படி எட்டு யூனிட் இருந்தால் 2,40,000. களத்தில் ஆதரவு தரும் ஓர் ஊழியர் 95,000, பயணம் 20,000, வழக்கறிஞர், கணக்கர், காப்பீடு, மென்பொருள் 25,000. மிச்சம் ஒரு லட்சம், உங்கள் சம்பளத்துக்கு முன். மாஸ்டர் உரிமைக்கு 3 லட்சம் கொடுத்திருந்தால், அதைத் திரும்ப எடுக்கவே எட்டு யூனிட்டும் முழுசாக ஓடும் மூன்று ஆண்டுகள் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு யூனிட் திறந்து, ஒவ்வொன்றும் அந்த விற்பனைக்கு வர நாலு ஆண்டு பிடித்தால், எட்டும் முழுசாக ஓடுவது எட்டாவது ஆண்டில். அதுவரை சாப்பாட்டுக்கு வழி வேண்டும்.

யூனிட் விற்ற கட்டணத்தில் வரும் பங்கு அதற்கு உதவாதா? 50,000 கட்டணத்தில் பாதி 25,000 என்று காகிதத்தில் இருக்கும். ஆனால் இந்தத் துறையில் புதிய உரிமையாளர்கள் பெரும்பாலும் ஃபிரான்சைஸ் தரகர்கள் வழியாக வருகிறார்கள். தரகருக்குக் கட்டணத்தில் பாதி அளவுக்குப் போவது சகஜம். அந்தத் தரகு யார் பங்கிலிருந்து போகிறது என்று உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். அதைக் கண்டுபிடியுங்கள். உங்கள் பங்கிலிருந்து என்றால், ஒரு யூனிட்டை விற்று முடித்த நாளில் கையில் ஒன்றும் இருக்காது.

ஆகவே நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது: முதலில் ஒரு யூனிட்டை நீங்களே நடத்துங்கள். யூனிட் முதலீடு பெரும்பாலான பிராண்டுகளில் ஒன்று முதல் இரண்டு லட்சம் டாலர் வரம்பில் வரும், 7ஆம் பிரிவில் விவரம் இருக்கும். அந்த யூனிட்டின் வருமானம் முதல் சில ஆண்டுகள் குடும்பச் செலவைத் தாங்கும். அதைவிட முக்கியமாக, சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு "நான் நாளைக்கு வரலை" என்று பராமரிப்பாளர் அனுப்பும் செய்தியை எப்படிச் சமாளிப்பது என்று உங்களுக்குத் தெரியும். அது தெரியாதவரிடம் எந்த யூனிட் உரிமையாளரும் இரண்டாம் தடவை ஆலோசனை கேட்கமாட்டார். மாஸ்டர் உரிமையை ஒரு விருப்பத் தேர்வாக எழுதி வாங்கப் பாருங்கள்: இன்று யூனிட், 18 அல்லது 24 மாதத்தில் குறிப்பிட்ட விலைக்குப் பகுதி உரிமை. எல்லா நிறுவனமும் சம்மதிக்காது. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

யூனிட்டின் பண ஓட்டத்தையும் சொல்ல வேண்டும். கூலி வாரமோ இருவாரமோ ஒருமுறை கொடுத்தே ஆக வேண்டும். காப்பீட்டு நிறுவனமும் படைவீரர் துறையும் 30 முதல் 60 நாள் கழித்துத் தருவார்கள். வாரம் 500 மணி நேரம் ஓடும் யூனிட்டுக்குக் கூலிச் செலவு மட்டும் சுமார் 11,000. ஆறு வாரத்துக்கு 66,000க்கு மேல் சொந்தப் பணம் உள்ளே கிடக்கும். வேகமாக வளரும் யூனிட்டுகள் சில சமயம் மூடுவது இதனால்தான். வாடிக்கையாளர் கேட்டு வருகிறார், சம்பளத்துக்குப் பணமில்லை. கைப்பணம் தருபவர்களிடம் வாராவாரம் கார்டிலோ வங்கிக் கணக்கிலோ தானாக எடுக்கும் ஒப்புதலை முதல் நாளே வாங்கிவிட வேண்டும்.

ஒப்பந்தத்தில் நான் பிடிவாதமாக நிற்கச் சொல்லும் இடங்கள் சில. எல்லை: அஞ்சல் குறியீட்டு எண்களாக எழுதப்பட வேண்டும், "பெருநகரப் பகுதி" என்ற சொல் போதாது. ஏற்கனவே உள்ள யூனிட்டுகள் உங்கள் எல்லைக்குள் இருந்தால் அவற்றின் ராயல்டியில் உங்களுக்குப் பங்குண்டா என்பது தெளிவாக வேண்டும். மொத்த மக்கள்தொகையைப் பார்க்காதீர்கள். 75 வயதுக்கு மேற்பட்டவர் எத்தனை பேர், கைப்பணம் கொடுக்கும் வருமானம் எத்தனை வீட்டில் என்று கணக்கெடுப்புத் தரவில் பாருங்கள். வளர்ச்சி அட்டவணை: ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று இருக்கும். தவறினால் முழு உரிமையும் போய்விடும் என்று எழுதியிருந்தால் மாற்றுங்கள். விற்காத பகுதியின் தனியுரிமை மட்டும் போக வேண்டும், விற்ற யூனிட்டுகளின் ராயல்டி தொடர வேண்டும். காலம்: மாஸ்டர் 10 ஆண்டு, யூனிட்டும் 10 ஆண்டு என்றால், ஒன்பதாம் ஆண்டு நீங்கள் சேர்த்த யூனிட்டின் மீதி ஒன்பது ஆண்டு ராயல்டி யாருக்கு? இதை எழுதாமல் விட்ட ஒப்பந்தங்கள் நிறைய.

அதோடு சேர்ந்தது, தலைமை நிறுவனமே கைமாறும் நிலை. இந்தத் துறையில் அது அடிக்கடி நடக்கிறது. கம்ஃபர்ட் கீப்பர்ஸை 2009இல் சொடெக்ஸோ வாங்கியது, 2021இல் விற்றது. அதே 2021இல் ஹோம் இன்ஸ்டெட்டை ஹானர் என்ற தொழில்நுட்ப நிறுவனம் வாங்கியது. புதிய முதலாளிக்கு இடையில் ஒரு மாஸ்டர் நின்று ராயல்டியில் பாதி எடுப்பது பிடிக்காமல் போகலாம். திரும்ப வாங்கிக்கொள்ள வருவார். அப்போது விலை என்ன என்பதை இன்றே சூத்திரமாக எழுதுங்கள், கடந்த 12 மாத ராயல்டிப் பங்கின் இத்தனை மடங்கு என்று. விற்காத பகுதிக்குத் தனி மதிப்பு.

மாநில உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாஸ்டர் எல்லை இரண்டு மாநிலத்தில் கால் வைத்தால் வேலை இரட்டிப்பு. கலிபோர்னியாவில் 2016 ஜனவரி முதல் ஒவ்வொரு நிறுவனமும் சமூகச் சேவைத் துறையிடம் உரிமம் பெற வேண்டும். பராமரிப்பாளர் ஒவ்வொருவரும் மாநிலப் பதிவேட்டில் இருக்க வேண்டும், காசநோய்ச் சோதனை வேண்டும், வேலைக்கு முன் 5 மணி நேரம், பிறகு ஆண்டுக்கு 5 மணி நேரப் பயிற்சி வேண்டும். ஃபுளோரிடாவில் துணை இருப்பதற்கும் வீட்டு வேலைக்கும் பதிவு போதும். உடலைத் தொட்டுச் செய்யும் உதவிக்கு அது போதாது, வேறு உரிமம் கேட்பார்கள். நியூயார்க்கில் உரிமம் பெறுவது இன்னும் கடினம், அந்தப் பகுதிக்குப் புதிய நிறுவனம் தேவை என்று காட்ட வேண்டும். உரிமம் வர மாதக்கணக்கில் ஆகும் மாநிலத்தில் யூனிட் விற்றால், அந்த மாதங்களின் வாடகையும் சம்பளமும் புதிய உரிமையாளரின் முதலீட்டைத் தின்றுவிடும். வளர்ச்சி அட்டவணையில் அந்தக் காத்திருப்பைக் கழிக்கச் சொல்லுங்கள்.

கூலிச் சட்டத்தில், வெளி நிறுவனம் மூலம் வரும் பராமரிப்பாளருக்கும் குறைந்தபட்சக் கூலியும் ஓவர்டைமும் உண்டு என்ற கூட்டாட்சி விதி 2013இல் வந்தது, 2015இல் நடைமுறையானது. 2025 ஜூலையில் தொழிலாளர் துறை அதைத் திரும்பப் பெறும் வரைவை வெளியிட்டது. அதை நம்பி யாரும் கணக்கை மாற்றிவிட வேண்டாம், மாநிலச் சட்டங்கள் தனி. கலிபோர்னியாவில் வீட்டுப் பராமரிப்பாளருக்கு நாளில் 9 மணி, வாரத்தில் 45 மணி தாண்டினால் ஓவர்டைம். பராமரிப்பாளரை "சுயதொழிலாளர்" என்று காட்டி வரியை மிச்சம் பிடிக்க நினைக்கும் யூனிட் உரிமையாளரை உடனே நிறுத்துங்கள். பழைய வரி, அபராதம், விபத்துக் காப்பீடு எல்லாம் ஒரே நாளில் திரும்பி வரும். அதே சமயம், யாரை வேலைக்கு எடுப்பது, எவ்வளவு கூலி என்று யூனிட்டின் சார்பில் நீங்கள் முடிவு செய்யக் கூடாது. செய்தால் கூட்டு முதலாளி என்று வழக்கில் உங்களையும் சேர்ப்பார்கள். அளவுகோலைக் காட்டுங்கள், முடிவு அவர்களுடையது.

விற்பனையில் ஒரு வாய்ப் பிசகு பெரும் ஆபத்து. வருங்கால உரிமையாளர் "எவ்வளவு சம்பாதிக்கலாம்?" என்பார். 19ஆம் பிரிவில் அச்சிட்டது தவிர ஓர் எண்ணும் சொல்லக் கூடாது, காபிக் கடையில்கூட. நியூயார்க், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் விற்பவர் பதிவு செய்திருக்கவும் வேண்டும். ஆவணம் பெற்ற நாளின் ரசீதைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். வழக்கு வந்தால் கேட்கும் முதல் காகிதம் அதுதான்.

யாருக்கு விற்பது? பணம் இருக்கிறது என்பது போதாது. வேலையை விட்டுவிட்டு மேனேஜர் வைத்து நடத்தலாம் என்று வருபவர் முதல் ஆண்டிலேயே சோர்ந்துவிடுவார். முதல் ஆண்டில் உரிமையாளரே மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் பிரிவு, மறுவாழ்வு மையம், முதியோர் குடியிருப்பு, சொத்து வழக்கறிஞர் என்று வாரம் முப்பது நாற்பது இடம் ஏறி இறங்க வேண்டும். பரிந்துரைக்குப் பணம் கொடுக்கும் பேச்சே கூடாது. கூட்டாட்சித் திட்டப் பணம் தொடும் இடத்தில் அது குற்றம். குடும்பச் செலவுக்குக் குறைந்தது ஒன்பது மாதக் கையிருப்பு இல்லாதவரைத் திருப்பி அனுப்புங்கள், கட்டணம் போனாலும் பரவாயில்லை.

திறந்த பிறகு ஒவ்வொரு யூனிட்டுடனும் முதல் ஆண்டு வாராவாரம் அரை மணி நேரம் பேசுங்கள். ஐந்து எண் போதும்: வார மணி நேரம், புதிதாகச் சேர்ந்த பராமரிப்பாளரும் விலகியவரும், விசாரிப்புகளில் எத்தனை சேவையாக மாறின, ஓவர்டைம் சதவீதம், மொத்த லாபச் சதவீதம். நான்காவது வாரத்தில் ஒரு 24 மணி நேர வாடிக்கையாளர் கிடைத்தால் உரிமையாளர் துள்ளிக் குதிப்பார். வாரத்துக்கு 168 மணி! ஆனால் அந்த ஒரு வீட்டுக்கே நாலைந்து பேர் வேண்டும். இருக்கிற ஆட்களெல்லாம் அங்கே போய்விட, சின்ன வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்ப ஆரம்பிப்பார். அந்த முதியவர் இறந்துபோனால் விற்பனை ஒரே வாரத்தில் பாதியாகும், ஆட்களும் வேறு இடம் தேடுவார்கள். எந்த வாடிக்கையாளரும் விற்பனையில் 20 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊழியர் கோப்புகளைத் திறந்து பின்னணிச் சோதனை, வேலை செய்யும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவம், பயிற்சிச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். முதியவரைத் தன் காரில் அழைத்துப் போகும் பராமரிப்பாளர் விபத்தில் சிக்கினால், ஊழியர் சொந்த வண்டிக்கான தனிக் காப்பீடு இருந்தால்தான் யூனிட் தப்பிக்கும். இது அதிகம் விடுபடும் காப்பீடு.

கடைசியாக விசா, நம்மவர் அதிகம் கேட்பது. குடியுரிமையோ பச்சை அட்டையோ இருந்தால் தடையில்லை. எச்-1பி விசாவில் ஒரு நிறுவனத்தில் இருந்துகொண்டு முதலீடு செய்யலாம், ஆனால் சொந்த யூனிட்டில் வேலை செய்ய அந்த யூனிட் நிறுவனத்தின் பெயரில் தனி மனு வேண்டும். எச்-1பி வைத்திருப்பவரின் துணைவர், எச்-4 விசாவில் வேலை அனுமதி பெற்றிருந்தால், நடத்தலாம். இ-2 முதலீட்டாளர் விசா இந்தியக் குடிமக்களுக்குக் கிடையாது, மலேசியக் குடிமக்களுக்கும் கிடையாது; இலங்கை, சிங்கப்பூர், கனடா, பிரிட்டன் குடிமக்களுக்கு உண்டு. அதற்கும் தொழிலை நீங்களே வளர்த்து நடத்துவதாகக் காட்ட வேண்டும் என்பதால், மாஸ்டர் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு போவதைவிட ஓடுகிற யூனிட்டுடன் போவது வலுவானது. முதலீட்டின் வழியே பச்சை அட்டை தரும் இபி-5க்கு 10,50,000 டாலர், வேலைவாய்ப்புக் குறைந்த பகுதி என்றால் 8,00,000. பத்து முழுநேர வேலை உருவாக்க வேண்டும், முழுநேரம் என்றால் வாரம் 35 மணி. வாரம் 20, 25 மணி வேலை செய்யும் பராமரிப்பாளர்கள் முப்பது பேர் இருந்தாலும் அந்தக் கணக்கில் சேரமாட்டார்கள், ஆகவே இபி-5 நோக்கத்தில் வருபவர்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் ஆள் அட்டவணையைக் காட்டிவிட்டுத்தான் மாஸ்டர் கட்டணத்தைக் கட்ட வேண்டும்.